உள்ளே முப்பத்து நான்கு பேர்

மார்ச் 8

அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுகிறாய். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லி முடித்து, எதற்குக் கூப்பிட்டேன் என்பதே எனக்கு மறந்துவிடுகிறது. போன மாதம் யார் முதலில் போனை வைத்தோம் என்று இன்னும் தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும். அதனால் கடிதம். குறுக்கே பேச முடியாது அல்லவா, முழுதாகப் படி.

முதலில் உன் கட்டடத்தைப் புகழ்ந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்க மாட்டாய். மேலே ஆறு மாடி ஆபீசில் பகலில் ஒரு விளக்கு எரிவதில்லை. மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தெருப்பக்கம் நீ வைத்த குழாயில் காலையில் வரிசை நிற்கிறது. கீழே தெருவுக்கென்று நீ வரைந்த ஹால் இருக்கிறதே, மத்தியானம் தெருவே அங்கேதான். தகரக் கூரைக்கு அடியில் யாரால் உட்கார முடியும்? நீ இடம் அளக்க வந்தபோது உனக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாரே, பட்டனும் நூலும் விற்கிற பட்டன் அக்கா, அவர் தினமும் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் பெரியவர் மேஜையையே அங்கே கொண்டுவந்துவிட்டார்.

இப்போது விஷயம். கட்டடத்துக்குள் எத்தனை பேர் என்று உன் சிஸ்டம் ஆபீஸ் கார்டை வைத்துத்தான் எண்ணுகிறது. தெருவில் யாரிடம் கார்டு இருக்கிறது? கட்டடம் திறந்து இரண்டு மாதம் கழித்துத் தெருவுக்கு ஹாலைத் திறந்த முதல் ஞாயிறு, ஆபீஸ் லீவு, ஹாலில் அறுபது பேர். சிஸ்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? ஆள் பூஜ்யம். காற்றை நிறுத்திவிட்டது. உயரத்தில் இருக்கும் ஜன்னல்களையும் மூடிவிட்டது. சூடு ஏறுவது அதற்குத் தெரியும். ஆனால் ஆளில்லாத ஹாலை எதற்குக் குளிர்விக்க வேண்டும் என்று உன் விதி. கையால் போட ஒரு சுவிட்ச்சும் இல்லை. சிஸ்டத்தைத் திறக்கும் ரகசிய எண் உன் ஆபீசில் இருக்கிறது.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். கத்தாதே. வேலையை விட்டுப் போனவர்களின் கார்டுகள் மேலாளர் அலமாரியில் கிடந்தன. கதவு எதையும் அவை திறக்காது, ஆனால் வாசல் மெஷினில் தேய்த்தால் எண்ணிக்கையில் சேரும். முப்பத்து நான்கையும் ஒரு கம்பியில் கோத்து, எல்லோரையும் ‘உள்ளே’ என்று பதிந்து, அப்படியே விட்டுவிட்டேன். எட்டு மாதமாக அந்த முப்பத்து நான்கு பேரும் ராத்திரி பகல் பாராமல் உன் கட்டடத்தில்தான் குடியிருக்கிறார்கள். அந்த மாதிரி ஊழியர்கள் எந்த முதலாளிக்குக் கிடைப்பார்கள்?

இது நிரந்தரமாக ஓடாது. ஹாலுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் போடச் சொல். அவ்வளவுதான்.

தம்பி

மார்ச் 17

டேய் ஸ்பேனர்,

கத்தாதே என்றாய். கத்தினேன். பக்கத்து அறையில் இருப்பவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு மாதமாக மின்சாரக் கணக்கு ஏன் கூடுதலாக வருகிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன், சுவரைச் சந்தேகப்பட்டேன், மூன்று ராத்திரி உட்கார்ந்து என் கணக்கையே திரும்பப் போட்டேன். கடைசியில் பார்த்தால் என் கூடப்பிறந்தவன் கம்பியில் கார்டு கோத்து வைத்திருக்கிறான்! உன்னை அந்த மெஷின் ரூமில் வேலைக்குச் சேர்த்துவிட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

சரி, திட்டி முடித்தேன். நீ செய்தது அந்த மக்களுக்காக. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முதலாளிகள் ஆசைப்பட்டா அந்த ஹாலைக் கொடுத்தார்கள்? முதல் வருஷ முடிவில் கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைத்தால் ஹால் தெருவுக்கு, கிடைக்காவிட்டால் அந்த இடம் கார் நிறுத்த. இப்படித்தான் ஒப்பந்தம். நாலு மாதம் அவர்களோடு மல்லுக்கட்டி அதைக்கூட நான்தான் வாங்கினேன். வருஷம் மே 10ஆம் தேதி முடிகிறது. இப்போதிருக்கும் கணக்குப்படி மயிரிழையில் தோற்கிறோம். உன் முப்பத்து நான்கு பேரும் வெளியே போனால் மயிரிழையில் ஜெயிக்கிறோம்.

நடுவில் சுவிட்ச் போட முடியாது. சிஸ்டத்தில் எதைத் தொட்டாலும் அளக்கிற வருஷம் முதலிலிருந்து தொடங்கும், முதலாளிகள் அதுவரை பொறுக்க மாட்டார்கள். அதனால் நான் கேட்பது ஒன்றுதான். எல்லாக் கார்டையும் ‘வெளியே’ என்று பதிந்துவிடு. ஏழு வாரம். ஏழே ஏழு வாரம். வேலை நாளில் மேலே ஆபீஸ் ஆட்கள் இருப்பதால் ஹாலுக்கும் கொஞ்சம் காற்று வரும். ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைக்கச் சொல். மே 11 காலையில் முதல் வேலையாக உன் சுவிட்ச்சை நானே போட்டுத் தருகிறேன்.

ஹாலை மூடிவிட்டால் அந்தத் தெருவுக்கு நான் என்ன முகத்தோடு வருவேன்? செய்வாயா?

அக்கா

மார்ச் 26

அக்காவுக்கு,

செய்துவிட்டேன். ஞாயிறு மாலை, முப்பத்து நான்கு பேரையும் ஒருவர் பின் ஒருவராக வெளியே அனுப்பினேன். கடைசிக் கார்டைத் தேய்த்தபோது ஹாலில் ஜன்னல் மூடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன், பிறகு நீ சொல்லவில்லையே என்று கேட்கக் கூடாது.

வேலை நாளில் சமாளிக்கலாம். மத்தியானம் நான் இரண்டு தரம் மேலே வந்து பார்க்கிறேன், கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுக்கிறேன். ஞாயிறு எனக்கு லீவு. வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நல்ல மனுஷர், ஆனால் வாசலை விட்டு நகர முடியாது.

பட்டன் அக்கா நேற்று, “என்ன தம்பி, உங்க ஹாலுக்கு மூச்சு வாங்குதா?” என்று கேட்டார். அவருக்கே மூச்சிரைப்பு, கையில் எப்போதும் அந்த மருந்துக் குழாய் இருக்கும். அதனால் சட்டென்று தெரிந்துவிட்டது. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அக்காவுடைய பரீட்சை என்றேன். “அப்படின்னா பொறுத்துக்கறோம், பாஸ் பண்ணச் சொல்லுங்க” என்றார்.

கேலி இல்லை அக்கா, வெயில் ஏறிக்கொண்டே போகிறது. ஏழு வாரம் என்று நீ எழுதியது அங்கே குளிரில் உட்கார்ந்து எழுதியது.

தம்பி

ஏப்ரல் 20, திங்கள்

டேய் ஸ்பேனர், என் தங்கமே,

காலையில் ஆபீசுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன். நேற்றைய கணக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, ஊரெல்லாம் அனல் என்று செய்தி, அப்படியும் கட்டடம் திறந்ததிலிருந்து மிகக் குறைவாக மின்சாரம் செலவான நாள் நேற்றுதான்! சிஸ்டம் பச்சை நட்சத்திரம் போட்டு அனுப்பியிருக்கிறது. என் மேலதிகாரி அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்.

இன்னும் மூன்று வாரம்தான். ஹால் நம்முடையது. நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. உன்னை எவ்வளவு திட்டினேன், அதற்கெல்லாம் சேர்த்து மன்னிப்பு. மே மாதம் நேரில் வருகிறேன். பட்டன் அக்காவிடம் பரீட்சை பாஸ் என்று சொல், ஸ்டூலைத் தயாராக வைக்கச் சொல்.

உன் போன் ஏன் அடித்துக்கொண்டே இருக்கிறது? எடுக்க மாட்டாயா? சரி, கோபம் எழுத்திலேயே தீரட்டும்.

அக்கா

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

திங்கள் ராத்திரியிலிருந்து பதினேழு தரம் கூப்பிட்டிருக்கிறாய். செய்தி உனக்கு வந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. எடுக்கவில்லை. என்னால் முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாட்ச்மேன் ஹாலைத் திறந்தார். எழுபது பேருக்கு மேல். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு மேல் அனல் காற்று உள்ளே அடித்திருக்கிறது. உள்ளே இருந்தவர்களே எழுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். உன் ஹால் குளிர்ச்சியானது என்று எட்டு மாதமாகப் பழகியவர்கள், நம்பிச் சாத்தினார்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டன. வயதானவர்கள் தூங்கிவிட்டார்கள். அது தூக்கமில்லை என்று முதலில் புரிந்துகொண்டது பட்டன் அக்கா.

அவர் கதவைத் திறந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் எனக்குப் போன் செய்தார். நான் ஓடிவர இருபது நிமிஷம். அதற்குள் பட்டன் அக்கா பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வெளியே விட்டிருக்கிறார். “உள்ள போகாதீங்கக்கா” என்று வாட்ச்மேன் தடுத்தாராம். “பெரியவர் இன்னும் மேஜைகிட்டயே இருக்காருய்யா” என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனார். பெரியவரை வாசல்வரை இழுத்து வந்து அங்கேயே விழுந்தார்.

நான் வந்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அவரைத் தூக்கவில்லை. மெஷின் ரூமுக்கு ஓடி, கம்பியை எடுத்து வந்து, முப்பத்து நான்கு கார்டையும் தேய்த்தேன். ஜன்னல் திறந்தது. காற்று வந்தது. அதற்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் அக்கா, இரண்டு நிமிஷ வேலை.

போலீஸ் வந்து கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தி எல்லோரையும் வெளியேற்றியது. பட்டன் அக்கா சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். பெரியவர் உட்பட மூன்று பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பட்டன் அக்காவின் புருஷன் வெல்டர், வேலைக்கு வெளியூர் போயிருந்தவர். பத்து வயதுப் பெண் ஒன்று இருக்கிறது. அதுவும் அன்றைக்கு ஹாலில்தான் இருந்தது. முதலில் வெளியே தூக்கி விட்ட பிள்ளைகளில் அதுவும் ஒன்று.

செய்தி தெரிவதற்கு முன் நீ ஏதாவது எழுதிப் போட்டிருந்தால், அது இங்கே வந்து சேரும்போது நான் அதைப் பிரிக்கப்போவதில்லை.

தம்பி

ஏப்ரல் 30

தம்பி,

திங்கட்கிழமை காலையில் நான் எழுதிப் போட்ட கடிதத்தைப் பிரிக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன், கிழித்துப் போடு.

கண்ணை மூடினால் பட்டன் அக்கா ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டது தெரிகிறது. அந்தச் சுவரில் ஒட்டியிருந்த பச்சை நட்சத்திரத் தாளை நான் கிழித்தேன். அன்று மத்தியானமே கம்பெனி வக்கீல் வந்தார். யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது என்றார். எழுதுகிறேன்.

கட்டடத்தின் பதிவில் ஞாயிறு மத்தியானம் இரண்டு நிமிஷத்துக்குள் முப்பத்து நான்கு பேர் உள்ளே வந்ததாக இருக்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டு, மெஷின் ரூம் ஆள் சிஸ்டத்தில் கைவைத்ததால்தான் எல்லாம் என்று முதலாளிகள் பக்கம் பேசுகிறார்கள். வக்கீலும் அதையே சொல்கிறார். அவர் சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை உனக்குத் தெரிவிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மார்ச் மாதம் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறதா?

இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்கும் தெரியட்டும்.

அக்கா

மே 12

இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. போதுமா?

என்னை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போலீஸ் இரண்டு தரம் கூப்பிட்டது. விசாரணை அதிகாரி ஒருவரைப் போட்டிருக்கிறார்கள், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிற ஆள். மேலாளர் அவர் முன்னால் நின்று, “இவன் எட்டு மாசமா சிஸ்டத்தை ஏமாத்தியிருக்கான் சார், அதுதான் குழம்பிப்போச்சு” என்றார். சிஸ்டம் குழம்பவே இல்லை. அது சொன்னபடி செய்தது. அதைச் சொன்னேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அதிகாரி கேட்டார்: “சரி, மார்ச்ல எல்லாரையும் வெளியேன்னு பதிஞ்சிருக்கியே, யார் சொல்லி பதிஞ்சே?”

எதிரே வெல்டர் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். ஏன் நீட்டவில்லை என்று உனக்கு நீயே ஏதாவது நல்ல காரணம் கற்பித்துக்கொள்ளாதே. பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீட்டினால் “அக்கா சொன்னா, செஞ்சேன்” என்று ஆகும். எனக்கு முப்பத்தொன்பது வயது. அக்கா சொன்னதைக் கேட்டுச் செய்கிற வயதா? தப்பு என்று தெரிந்து, பிடிக்கவில்லை என்று உனக்கு எழுதியும் வைத்துவிட்டு, அப்புறம் என் கையால்தானே செய்தேன். அந்த நான்கு வாரத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் நான் கார்டைத் தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் பட்டன் அக்கா உயிரோடு இருந்திருப்பார்.

உன் கடிதத்தை நான் கொடுக்க மாட்டேன். நீ சொல்ல வேண்டியதை நீயே சொல். சொல்லாவிட்டாலும் நான் கேட்கப்போவதில்லை. அடுத்த விசாரணை 21ஆம் தேதி.

சான்றிதழ் நேற்று வந்தது. வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள்.

மே 17

தம்பி,

விசாரணை அதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பதினோரு பக்கம். உன் மார்ச் கடிதங்கள் இரண்டின் நகலும் சேர்த்து. நான் உனக்கு எழுதியதை மனப்பாடமாகவே எழுதினேன், ஒரு சொல் மறக்கவில்லை.

அதில் உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. முதல் வரைபடத்தில் ஹால் கதவில் ஆட்களை எண்ணுகிற கருவி ஒன்று போட்டிருந்தேன். கேமரா வேண்டாம், அந்த மக்களைப் படம் பிடிக்கக் கூடாது என்று சண்டை போட்டு, படம் எடுக்காத கருவியாகத் தேடிப் பிடித்தேன். செலவைக் குறைக்கச் சொன்னபோது எதை விடலாம் என்று பட்டியல் வந்தது. அந்தக் கருவியை விட்டால், தெருக்குழாயை வைத்துக்கொள்ளலாம். நான் அந்த வரியை அடித்தேன். கார்டுதான் எண்ணுகிறதே என்று நினைத்தேன். அந்த ஒரு நொடியில், யாருக்காக அந்த ஹாலை வரைந்தேனோ அவர்களை நான் நினைக்கவே இல்லை. என் கையெழுத்து அதில் இருக்கிறது. அந்தத் தாளையும் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே வேலை போய்விட்டது. கட்டடம் வரையும் உரிமமும் போகும் என்கிறார்கள், போகட்டும். வழக்கு வந்தால் வருகிறேன்.

நீ இதைப் படித்துவிட்டு அக்கா கடைசியில் நல்லவளாகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். நீ “கேட்கப்போவதில்லை” என்று எழுதாமல் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

ஹாலைப் பற்றி மட்டும் கவலைப்படாதே. சான்றிதழ் வந்துவிட்டது, ஒப்பந்தப்படி ஹால் தெருவுடையது. ஒரு சுவிட்ச், ஒரு எண்ணும் கருவி, இரண்டும் போடும்வரை பாதுகாப்பில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். போட்டே ஆக வேண்டும், வேறு வழியில்லை அவர்களுக்கு. அவர் உயிர் போனதற்கு அதையாவது மிச்சம் பிடிக்கிறேன்.

அக்கா

ஜூன் 7

அக்காவுக்கு,

விசாரணையில் உன் பதினோரு பக்கத்தையும் அதிகாரி சத்தமாகப் படிக்க வைத்தார். படித்து முடிக்க ஒரு மணி நேரம். வெல்டர் கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. என் மேல் வழக்கு இல்லை என்று நேற்று தாள் வந்தது. வேலை திரும்பக் கிடைக்காது, நானும் கேட்கவில்லை.

மற்றதைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை நீ இன்னொரு தரம் படித்திருக்க வேண்டும். “மக்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் வரை” என்று அதில் ஒரு வரி இருக்கிறது. வரைந்தவளே பாதுகாப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், இனி என்ன வேண்டும்? உன் ஒன்பதாம் பக்கத்திலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் பெரிதாக அச்செடுத்து ஹால் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். சுவிட்ச் போடும்வரை என்ற பாதியை விட்டுவிட்டார்கள். கதவுக்கு மேலே இரும்பு ஷட்டர் இறக்கியாகிவிட்டது. உள்ளே கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பதினாறு கார் நிற்குமாம். “நாங்க என்ன பண்றது, உங்க அக்காவே சொல்லிட்டாங்களே” என்று மேலாளர் என்னிடமே சொன்னார். அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெருக்குழாயையும் அடைத்துவிட்டார்கள். சான்றிதழ் அதே இடத்தில் தொங்குகிறது.

நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறு எப்படி எழுதியிருந்தாலும் வேறு ஒரு வரியைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் தெருவில் உன்னைத் திட்டுகிறார்கள். பட்டன் அக்கா செத்ததற்குத் திட்டவில்லை, ஹாலை மூடியதற்குத் திட்டுகிறார்கள்.

மத்தியானம் எல்லோரும் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி நிழலில் உட்காருகிறார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்கிறார்கள். மூன்று மணிக்கு மேல் அங்கே நிழல் இல்லை.

நேற்று வெல்டர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலிலேயே நின்று கேட்டார்: “உங்க அக்காவுக்கு லெட்டர் எழுதுவீங்களா?”

எழுதுவேன் என்றேன்.

“உண்மையைச் சொன்னாங்க. நான் கேட்டேன். அதுக்கு மேல அவங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்ல.” படியிறங்கப் போனவர் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டு எழுதுங்க. நான் வேலைக்குப் போயிடறேன். வெயில் இன்னும் குறையல. வீட்ல தகரம் கொதிக்குது. மத்தியானத்துல என் பொண்ணு எங்க போய் உக்காரும்?”

கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நாளைக்கு வருவார். என்ன சொல்லட்டும்?

தம்பி